மாதவிடாய் நிற்கிற வயதில்: வாசகியர் கேள்வி பதில்

மாதவிடாய் நிற்கும் காலம் என்றால் உடம்புச் சூடும் வேர்வையும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எங்களுக்கு வந்த கடிதங்களோ தோள்மூட்டு, தோல், மூத்திரக் கடுப்பு, காரணமில்லாத அழுகை என்று வேறு வேறு இடங்களைத் தொடுகின்றன. எழுதியவர்களின் பெயரை நீக்கி, ஊரை மட்டும் விட்டிருக்கிறோம்.

எனக்கு 47 வயது. மாதவிடாய் இன்னும் வருகிறது, ஆனால் நாள் தப்பித் தப்பி. சில மாதமாகக் காலையில் எழும்பினால் கைவிரல் எல்லாம் இறுகிப்போய்க் கிடக்கிறது. வலது தோளை மேலே தூக்க ஏலாது. கையைப் பின்னால் கொண்டுபோய் உள்சட்டைக் கொழுக்கி பூட்ட முடியவில்லை. இரவில் காலிலும் முதுகிலும் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கும், லைற் போட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. இரத்தம் சோதித்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு விசர் பிடிக்கிறதா?
வாசகி, விசுவமடு

விசர் இல்லை. நீங்கள் சொல்வது எல்லாம் உடம்பில் உண்மையாக நடக்கிறது. மாதவிடாய் முற்றாக நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பே சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் ஒரு மாதம் எகிறியும் மறுமாதம் விழுந்தும் வரத் தொடங்கும். அது கருப்பைக்கு மட்டும் வேலை செய்கிற ஹோர்மோன் என்று நினைக்கிறோம். மூட்டைச் சுற்றிய சவ்வு, தசைநாண், தோல், வாயின் உட்புறம், மூத்திரப்பை, மூளை எல்லாவற்றிலும் அதற்கு வேலை உண்டு. அளவு ஆட்டம் காணும்போது இவையெல்லாம் முறையிடும். மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருப்பதால் "இது அதுவாக இருக்காது" என்று சொல்ல முடியாது. பலருக்கு மிகக் கஷ்டமான காலமே இதுதான்.

45 வயது தாண்டியவருக்கு இதை உறுதிப்படுத்த ஹோர்மோன் இரத்தச் சோதனை தேவையில்லை. நாளுக்கு நாள் மாறுகிற ஒன்றை ஒரு காலையில் அளந்து என்ன முடிவுக்கு வருவது? "ஒன்றுமில்லை" என்று சொன்னதன் பொருள், அவர்கள் தேடிய நோய் இல்லை என்பதுதான். ஆகவே சோதனைத் துண்டை எடுத்து, எதைத் தேடினார்கள் என்று பாருங்கள். தைரொயிட் (டி.எஸ்.எச்), வெறும் வயிற்றுச் சீனி, ஹீமோகுளோபின் மூன்றும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டுச் செய்யுங்கள். தைரொயிட் குறைந்தாலும் இதே உளைவு, இதே சோர்வு, இதே நாள் தப்பிய மாதவிடாய் வரும். காலை இறுக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்து விரல்முட்டி வீங்கியிருந்தால் அது மூட்டுவாதமாக இருக்கலாம். அதற்குத் தனிச் சோதனை உண்டு, மருந்தும் வேறு.

உங்கள் தோளுக்கு வந்திருப்பது உறைதோள் போலத் தெரிகிறது. 40 முதல் 60 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருவது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் கூட. மூட்டின் உறை தடித்துச் சுருங்கிவிடும். தானாக இளக ஒன்றிலிருந்து மூன்று வருடம் எடுக்கும். இதில் இரண்டு விதமாகப் பிழை விடுகிறார்கள். நோகிறதென்று கையை அசைக்காமலே மடித்து வைத்திருந்தால் உறை இன்னும் இறுகும். எண்ணெய் போட்டு யாரையாவது பிடித்து இழுக்கச் சொன்னால் உள்ளே கிழிந்து நோ இரட்டிக்கும்.

செய்ய வேண்டியது இது: சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துவாயைப் பத்து நிமிடம் தோளில் போடுங்கள். பிறகு நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோகும் கையைத் தளரத் தொங்கவிட்டு, சிறு வட்டமாக ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பத்து ஆட்டுங்கள். அடுத்து சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் ஏறுங்கள். நோ தொடங்கும் இடத்தில் பத்து விநாடி நின்று இறங்குங்கள். ஏறிய உயரத்தில் ஒரு கரிக்கோடு போட்டு வைத்தால் வாரத்துக்கு வாரம் முன்னேற்றம் தெரியும். ஒரு நாளைக்கு மூன்று தரம். வந்து சில மாதத்துக்குள் ஆஸ்பத்திரியில் காட்டினால் மூட்டுக்குள் போடும் ஊசி நோவைக் குறைக்கும். பிந்தினால் அதன் பலனும் குறையும்.

வலிக்குளிசை பற்றி ஒரு எச்சரிக்கை. பார்மசியில் டைக்ளோபினாக் வாங்கி மாதக்கணக்காக விழுங்குவது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. வவுனியா மாவட்டம், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் உள்ள இடங்களில் ஒன்று. வெயிலில் வேர்த்து, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் உடம்பில் அந்தக் குளிசை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை இன்னும் குறைக்கிறது. அதற்குப் பதிலாகப் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேற்படாமல். ஈரல் வருத்தம் உள்ளவர்களும் மிக மெலிந்தவர்களும் இந்த அளவையும் டொக்டரிடம் கேட்டே எடுக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் கிளினிக்.

எறும்பு ஊர்வது, தோல் வரண்டு நரம்பு நுனிகள் கூசுவதால். வேப்பிலைத் தண்ணீர், டெற்றோல், கடும் சவர்க்காரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சவர்க்காரம் கக்கத்துக்கும் காலிடுக்குக்கும் போதும். உடம்பை ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் பூசுங்கள். காய்ந்த பிறகு பூசினால் பாதிப் பலன்தான். நாக்கு எரிவு, காதில் இரைச்சல், கண் உறுத்தல் இவையும் இந்த வயதில் வரும். நாக்கு எரிந்தால் இரும்புச்சத்தும் பி12 உம் சோதிக்கச் சொல்லுங்கள்.

வயது 50. இரவில் இரண்டு மூன்று தரம் திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறும். நைற்றி நனைந்துவிடும், பிறகு குளிரும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். எங்கள் வீடு தகரக் கூரை. ஹோர்மோன் குளிசை குடித்தால் புற்றுநோய் வரும் என்கிறார்களே?
வாசகி, ஒட்டுசுட்டான்

மூளையில் உடற்சூட்டைக் கட்டுப்படுத்தும் இடம், வழக்கமாக உடம்பு கொஞ்சம் சூடேறினாலும் பொருட்படுத்தாது. ஈஸ்ட்ரஜன் குறைந்ததும் அந்தப் பொறுமை குறுகிவிடுகிறது. சின்ன ஏற்றத்துக்கே "உடம்பு கொதிக்கிறது" என்று முடிவெடுத்து, தோலின் இரத்தக்குழாய்களை விரித்து, வேர்வையைத் திறந்துவிடும். இதயமும் சேர்ந்து வேகமாக அடிக்கும். ஒவ்வொரு தரமும் ஒன்றிலிருந்து ஐந்து நிமிடம். மொத்தமாகச் சராசரி ஏழு வருடம் வரை வந்துபோகலாம். "ஆறு மாதத்தில் போய்விடும், பொறு" என்று சொல்பவர்களை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

தூண்டிவிடுவது எது என்று ஒரு கொப்பியில் இரண்டு வாரம் எழுதுங்கள்: நேரம், அதற்கு முன் ஒரு மணித்தியாலத்தில் சாப்பிட்டது, குடித்தது, செய்த வேலை. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பிளேன்ரீயும் இரவுச் சாப்பாட்டில் கூடிய உறைப்பும் அடிக்கடி மாட்டும். வெற்றிலை போடுபவர்கள் பாக்கைக் கவனியுங்கள். பாக்கு தன்பாட்டிலேயே உடம்பைச் சூடாக்கி வேர்க்க வைக்கும். தேத்தண்ணியை விட வேண்டாம், ஆறவிட்டுக் குடியுங்கள், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தவிருங்கள்.

தகரக் கூரை பகல் வெயிலைக் குடித்து இரவு பத்து மணி வரை உள்ளே உமிழும். கூரைக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி விட்டுக் கிடுகு அல்லது பன்பாயைப் பரப்பிக் கட்டினால் அறைச் சூடு நன்றாகக் குறையும்; அடுப்படிப் பக்கம் மட்டும் கட்டாதீர்கள். நைலோன் நைற்றியை விட்டுப் பருத்திக்கு மாறுங்கள். தலைமாட்டில் ஒரு மாற்றுச் சட்டை, ஈரத் துவாய், ஒரு போத்தல் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏறத் தொடங்கியதும் துவாயைப் பிடரியிலும் மணிக்கட்டிலும் வைத்து, மூச்சை மூக்கால் நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி வெளியே விடுங்கள். வயல் வேலைக்காரர் நாற்று நடுவதையும் களை பிடுங்குவதையும் காலை பத்து மணிக்குள் முடித்தால் பகல் அலைகள் குறையும்.

எல்லா இரவு வேர்வையும் இதுவல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மெலிவு, பின்னேரக் காய்ச்சல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோயும் இரவில்தான் நனைக்கும். சீனிக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர் வேர்த்து நடுங்கினால், அது சீனி விழுந்ததாக இருக்கலாம்: உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். படபடப்புக்கு ஒருமுறையாவது ஈ.சி.ஜி எடுத்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், நோ தாடைக்கோ கைக்கோ பரவினால், மூச்சு முட்டினால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

இனி ஹோர்மோன் மருந்து. அந்தப் பயம் 2002 இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றிலிருந்து வந்தது. அதில் சேர்க்கப்பட்ட பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பல வருடமானவர்கள். ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்ரரோன் வகை என்ற இரண்டு ஹோர்மோனும் சேர்ந்த குளிசையை 10,000 பெண்கள் ஒரு வருடம் குடித்தால், குடிக்காதவர்களைவிட 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. அது இல்லாத ஆபத்து என்று நாங்கள் சொல்லவில்லை. இரவு தூக்கமில்லாமல், பகல் வேலைக்குப் போக முடியாமல் இருப்பவர் அந்த அளவை அறிந்து தானே தீர்மானிக்க வேண்டும். 60 வயதுக்கு உட்பட்ட, மாதவிடாய் நின்று பத்து வருடம் தாண்டாத, வேறு தடையில்லாத பெண்ணுக்குப் பெரும்பாலும் நன்மையே மிஞ்சும் என்பதே இப்போதைய மருத்துவ நிலைப்பாடு.

தடை யாருக்கு? மார்பகப் புற்றுநோய் வந்தவர், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர், மாரடைப்பு அல்லது பாரிசவாதம் வந்தவர், ஈரல் நோய் உள்ளவர், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர். கருப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரஜனோடு புரொஜெஸ்ரரோனும் கட்டாயம். ஈஸ்ட்ரஜன் தனியே போனால் கருப்பை உட்சுவர் தடித்துப் புற்றாக மாறலாம். பக்கத்து வீட்டு அக்கா குடிக்கும் குளிசையை, அவருக்குக் கருப்பை எடுத்திருக்கிறதா என்று தெரியாமல், வாங்கிக் குடிப்பது இதனால்தான் ஆபத்து. ஹோர்மோன் ஏலாதவர்களுக்கு வென்லாபாக்சின் போன்ற வேறு குளிசைகள் சூட்டைக் குறைக்கும். அது மன அழுத்தத்துக்கும் கொடுக்கும் மருந்து என்று துண்டில் கண்டு பயந்து நிறுத்த வேண்டாம்.

மாதவிடாய் நின்று 14 மாதம். போன கிழமை இரண்டு நாள் கொஞ்சமாக இரத்தம் பட்டது, பிறகு நின்றுவிட்டது. மிச்சம் மீதி அழுக்கு போகிறது, நல்லதுதான் என்று மாமி சொல்கிறா. வயது 53.
வாசகி, தருமபுரம்

மாமியின் பேச்சை இந்த ஒரு விடயத்தில் கேட்காதீர்கள். உள்ளே தேங்கியிருந்து வெளியேறும் அழுக்கு என்று ஒன்று இல்லை. தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்த பிறகு ஒரு சொட்டு வந்தாலும், பழுப்புக் கறை பட்டாலும், தானாக நின்றுவிட்டாலும், பரிசோதிக்க வேண்டும். இப்படி வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் பெண்ணுறுப்பிலோ கருப்பையிலோ மெலிந்துபோன தோல் அல்லது சின்னச் சதை வளர்ச்சி. ஆனால் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய். அது தொடக்கத்திலேயே இரத்தத்தால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் புற்று. அந்த நேரத்தில் கருப்பையை எடுத்தால் பெரும்பாலும் குணமாகும். உடம்பு பருத்தவர், சீனி வருத்தக்காரர், பிள்ளை பெறாதவர், மார்பகப் புற்றுக்குத் தமொக்சிபென் குடிப்பவர் இன்னும் விரைவாகப் போக வேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பெண்நோயியல் கிளினிக் உண்டு. தருமபுரத்திலிருந்து உங்களுக்குக் கிளிநொச்சி கிட்ட. போகும்போது கடைசி மாதவிடாய்த் திகதி, இரத்தம் பட்ட நாட்கள், குடிக்கும் மருந்துகள் மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். பெண்ணுறுப்பின் உட்புறம், கருப்பைக் கழுத்து இரண்டையும் கருவி வைத்துப் பார்ப்பார்கள். பிறகு பெண்ணுறுப்பு வழியாக ஸ்கான் செய்து கருப்பை உட்சுவரின் தடிப்பை அளப்பார்கள். 4 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவென்றால் புற்று இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. தடித்திருந்தால் மெல்லிய குழாயை உள்ளே விட்டுச் சிறு துண்டு எடுத்துப் பயொப்சிக்கு அனுப்புவார்கள். மாதவிடாய் நோ மாதிரிச் சில நிமிடம் இழுக்கும். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வரலாம்.

இங்கே பலர் ஏமாறுவது "பப் ரெஸ்ட் செய்தேன், நோர்மல்" என்பதில். பப் ரெஸ்ட் கருப்பைக் கழுத்துக்கு உரியது. உட்சுவரைப் பற்றி அது உறுதி சொல்லாது. முடிவு நன்றாக வந்திருந்தாலும் இரத்தம் பட்டால் ஸ்கான் வேண்டும்.

இன்னும் மாதவிடாய் நிற்காத வாசகியருக்கும் ஒரு வரி. ஒரு நப்கின் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் நனைவது, ஏழு நாளுக்கு மேல் போவது, 21 நாளுக்குள் திரும்ப வருவது, இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேல் கட்டி விழுவது, இடையில் அல்லது கணவனோடு இருந்த பின் இரத்தம் படுவது: இவை "நிற்கப்போகிற ஆட்டம்" என்று சகித்திருக்க வேண்டியவை அல்ல. ஹீமோகுளோபின் 12 இற்குக் கீழே இருந்தால் இரும்புக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு குடியுங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம். தேயிலைச் சாயம் இரும்பைக் கட்டிப்பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை.

பெயரும் ஊரும் போட வேண்டாம். இரண்டு வருடமாகக் கணவனோடு இருக்கும்போது கீறுகிற மாதிரி நோ. அதற்குப் பிறகு மூத்திரம் எரியும். இந்த வருடம் நாலு தரம் அன்ரிபயோடிக் குடித்துவிட்டேன். குடம் தூக்கினாலும் இருமினாலும் மூத்திரம் சிந்துகிறது. யாரிடம் சொல்வது?

சூடும் வேர்வையும் வருடங்கள் போக அடங்கும். இது அடங்காது, மருந்தில்லாவிட்டால் கூடிக்கொண்டே போகும். ஆகவே சொல்லத்தான் வேண்டும். ஈஸ்ட்ரஜன் இல்லாவிட்டால் பெண்ணுறுப்பின் தோல் மெலிந்து நெகிழ்ச்சி இழக்கும். அங்கே வாழும் நல்ல கிருமிகள் குறைந்து அமிலத்தன்மை போய்விடும். அந்த இடத்தில் மலக்குடல் கிருமி வந்து குடியேறி மூத்திர வழியே ஏறும். நாலு தரம் அன்ரிபயோடிக் குடித்தும் திரும்ப வருவது இதனால்தான்.

இதற்குச் சரியான மருந்து பெண்ணுறுப்பில் பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரஜன் கிறீம் அல்லது உள்ளே வைக்கும் குளிசை. முதல் இரண்டு கிழமை ஒவ்வொரு இரவும், பிறகு கிழமைக்கு இரண்டு இரவு. இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு என்பதால் முன்பு சொன்ன ஆபத்துகள் இதற்குப் பெரும்பாலும் பொருந்தா. மார்பகப் புற்று வந்தவர் மட்டும் தமது புற்றுநோய் டொக்டரைக் கேட்க வேண்டும். ஒரு கிழமை பூசி "பலனில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். தோல் திரும்ப வளர ஆறு முதல் பன்னிரண்டு கிழமை வேண்டும். நிறுத்தினால் நோவும் திரும்பும். அதுவரை உறவின்போது தண்ணீரில் கரையும் ஜெல் பாவியுங்கள். ஆணுறை பாவிப்பவர் எந்த எண்ணெயும் பூசக்கூடாது, இறப்பர் கிழியும். உள்ளே சவர்க்காரம், டெற்றோல், மஞ்சள் தண்ணீர் ஒன்றும் வேண்டாம். வெளியே வெறும் தண்ணீர் போதும். அடுத்த தரம் எரிந்தால், அன்ரிபயோடிக் தொடங்குமுன் மூத்திரத்தைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) சோதனைக்குக் கொடுங்கள்.

சிந்துவதற்கு இடுப்பின் அடித்தசைப் பயிற்சி. காற்றுப் பிரியாமல் அடக்கும் தசையை மேலே உள்ளிழுத்து ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள், ஐந்து எண்ணித் தளரவிடுங்கள். பத்துத் தரம், நாளுக்கு மூன்று வேளை. வாரங்கள் போகப் பத்து எண்ணும்வரை நீட்டுங்கள். வயிறும் தொடையும் இறுகினால், மூச்சை அடக்கினால், பிழையாகச் செய்கிறீர்கள். மூத்திரம் போகும்போது இடையில் நிறுத்திப் பழகுவதும் பிழை, மூத்திரப்பை முழுதாக வெறுமையாகாது. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் தெரியும். குடத்தைத் தூக்குமுன் அந்தத் தசையை இறுக்கிவிட்டுத் தூக்குங்கள். வயலில் ஒதுங்க இடமில்லை என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் எரிவையும் சிந்தலையும் கூட்டுகிறது, சிறுநீரகத்தையும் கெடுக்கிறது.

யாரிடம் சொல்வது என்றால், முதலில் உங்கள் ஊர்க் குடும்பநல மாதுவிடம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் வெல் வுமன் கிளினிக்கில் இது வழக்கமாகப் பேசும் விடயம்தான். அங்கே பிறஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். 35 வயதிலும் 45 வயதிலும் குறிப்பாக அழைக்கிறார்கள்; அழைப்பு வராவிட்டாலும் போகலாம்.

என் மனுசிக்கு 49 வயது. ஒரு வருடமாகச் சின்ன விடயத்துக்கும் சினம், பிறகு இருந்து அழுகை. அடுப்பில் உலையை வைத்துவிட்டு மறந்துவிடுகிறா. இரவு மூன்று மணிக்கு எழும்பி வாசலில் இருக்கிறா. செய்வினை என்று சொல்லி நூல் கட்டிவிட்டார்கள். எங்கள் மூத்தவன் 2009 இல் போனவன். அந்த மே மாதம் நெருங்கினால் இன்னும் கூட.
வாசகர், மல்லாவி

நீங்கள் எழுதிக் கேட்டதே அவவுக்குப் பெரிய துணை. செய்வினை இல்லை. ஆனால் ஒன்றல்ல, இரண்டு பாரம் சேர்ந்து அழுத்துகிறது என்று நினைக்கிறோம்.

ஒன்று ஹோர்மோன். மனதை நிதானத்தில் வைத்திருக்கும் மூளை இரசாயனங்கள் ஈஸ்ட்ரஜனோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றன. இரவு வேர்வை தூக்கத்தை உடைக்கும். உடைந்த தூக்கம் மறதியையும் சினத்தையும் தரும். சொல் நாக்கு நுனியில் நின்றுவிடும், வைத்த பொருள் மறக்கும். இது மூளை அழியும் நோய் இல்லை; பெரும்பாலும் சில வருடத்தில் தெளியும். மற்றது துக்கம். பிள்ளையை இழந்த தாய்க்கு அது வயதால் வந்ததும் இல்லை, மருந்தால் போவதும் இல்லை. ஆனால் நல்ல தூக்கமும் தெளிந்த உடம்பும் இருந்தவரை அதைத் தாங்கிக்கொண்டிருந்தவ, இப்போது அந்த முண்டு சரிந்த நேரத்தில் தாங்க முடியாமல் போகிறா. அதனால் ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் செய்தால் பாதிதான் ஆறும்.

மூன்று மணிக்கு எழும்புவது எதனால் என்று ஒரு நாள் ஆறுதலாகக் கேளுங்கள். நனைந்து எழும்பினால் சூட்டுக்கு மருந்து கேட்க வேண்டும். ஷெல் சத்தமும் அந்த நாட்களும் கனவில் வந்து எழும்பினால், அது வேறு. அதற்குப் பேச்சு வழிச் சிகிச்சை உண்டு. இரண்டும் இருக்கலாம். இரண்டு கிழமைக்கு மேலாக நாள் முழுக்க மனம் சோர்ந்து, முன்பு பிடித்தது எதிலும் மனம் போகாமல், சாப்பாடும் தூக்கமும் குலைந்து, தன்னால் ஒரு பயனும் இல்லை என்று பேசினால் அது மன அழுத்தம். மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தைரொயிட்டும் ஹீமோகுளோபினும் அங்கேயே பார்க்கலாம். சாக வேண்டும் என்ற கதை வந்தால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்துப் போத்தல்களை வீட்டிலிருந்து அகற்றி, பூட்டுள்ள வேறு இடத்தில் வையுங்கள், அன்றே ஆஸ்பத்திரி. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: இரவுச் சமையலையும் தண்ணீர் அள்ளுவதையும் உங்கள் பொறுப்பாக்குங்கள். "உனக்கு வயசு போகுது, அதுதான்" என்ற வசனத்தைப் பிள்ளைகளும் சொல்ல விடாதீர்கள். பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் அரை மணித்தியாலம் இரண்டு பேருமாக நடவுங்கள். அது தூக்கத்துக்கும் மனதுக்கும் மருந்தளவுக்கு உதவும். மே மாதத்தில் நினைவுநாளுக்குப் போக அவ விரும்பினால் கூடப் போங்கள், விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். நூலை அறுக்கத் தேவையில்லை. கோயிலும் கிளினிக்கும் ஒன்றை ஒன்று தடுக்காது.

வயது 38. எட்டு மாதமாக மாதவிடாய் இல்லை. பிள்ளைப்பேற்றுத் தடைக்கு ஒன்றும் பாவிக்கவில்லை. கெதியாக நின்றுவிட்டதா?
வாசகி, பூநகரி

முதலில் கர்ப்பச் சோதனை, இன்றைக்கே. அது இல்லையென்றால் பெண்நோயியல் கிளினிக்கில் தைரொயிட், புரொலக்ரின் (பால் சுரக்க வைக்கும் ஹோர்மோன்), எவ்.எஸ்.எச் (சூலகத்தைத் தூண்டும் ஹோர்மோன்) மூன்றும் பார்க்க வேண்டும். 40 வயதுக்கு முன் என்பதால் உங்களுக்கு எவ்.எஸ்.எச் சோதனை அவசியம். நாலு முதல் ஆறு கிழமை இடைவெளியில் இரண்டு தரமும் கூடியிருந்தால் சூலகம் முன்கூட்டியே தளர்ந்ததாகக் கொள்வார்கள். அப்படியானால் பெரும்பாலோருக்கு இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதான 50 வரைக்கும் ஹோர்மோன் தருவார்கள். மருந்தில்லாமல் விட்டால் எலும்பும் இதயமும் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பே தேயும். 2002 ஆய்வின் பயம் இந்த வயதுக்குப் பொருந்தாது.

இந்த வயதில் பிள்ளை தங்குமா, தடையை எப்போது நிறுத்தலாம் என்று இன்னொரு கடிதத்தில் கேட்டிருந்ததற்கும் இங்கேயே பதில்: மாதவிடாய் தப்பித் தப்பி வரும் காலத்தில் பிள்ளை தங்கும். 50 வயதுக்குள் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு வருடம், 50 இற்குப் பிறகு நின்றால் ஒரு வருடம் தடை தொடர வேண்டும். மூன்று மாத ஊசி போடுபவருக்கு ஊசியாலேயே மாதவிடாய் நிற்கும் என்பதால் அதை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது.

அம்மா நாரி முறிந்து கூனிப்போனவ. எனக்கு 52. உழுந்தும் நல்லெண்ணெயும் போதுமா, கல்சியம் குளிசை வேண்டுமா?
வாசகி, வவுனிக்குளம்

தாய்க்கு எலும்பு முறிந்திருந்தால் உங்களுக்கும் வாய்ப்புக் கூட. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஏழு வருடத்தில்தான் எலும்பு வேகமாகக் கரையும். உழுந்துக்களி நல்ல புரதம், விடாதீர்கள். கல்சியத்துக்கு அது போதாது. 50 தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 350, ஒரு தம்ளர் பாலில் 240, ஒரு மேசைக்கரண்டி தோல் நீக்காத எள்ளில் 90 அளவு. நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிட்டால் நன்றாகக் கிடைக்கும், பிறஷர் உள்ளவர் உப்பை ஊறவைத்துக் கழுவ வேண்டும். முருங்கையிலை வறையைக் கிழமையில் மூன்று நாளாவது வையுங்கள். காலையில் குரக்கன் புட்டும் பாலும், மத்தியானம் முருங்கையிலையும் நெத்தலியும், பின்னேரம் எள்ளுருண்டையும் என்றால் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே வந்துவிடும்.

மிச்சத்துக்குத்தான் குளிசை. ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் உடம்பு எடுக்காது, சாப்பாட்டோடு விழுங்குங்கள். இரும்புக் குளிசையோடு சேர்க்காதீர்கள், இரண்டும் மோதும். தைரொயிட் குளிசைக்கும் இதற்கும் நாலு மணித்தியால இடைவெளி விடுங்கள். சிறுநீரக வருத்தமோ கல்லோ உள்ளவர் கேட்காமல் தொடங்கக் கூடாது. விற்றமின் டி க்கு முழங்கைக்குக் கீழும் முகமும் படக் காலை வெயிலில் இருபது நிமிடம். நீளக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டு வயலில் நாள் முழுக்க நின்றாலும் தோலில் வெயில் படாவிட்டால் பயனில்லை.

உயரத்தையும் அளந்து வையுங்கள். அடையாள அட்டை எடுத்த காலத்து உயரத்தைவிட 4 சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்பு ஏற்கெனவே நசிந்திருக்கலாம், எக்ஸ்றே எடுக்க வேண்டும். முறிவுகளில் பெரும்பகுதி விழுவதால் வருவதால், கிணற்றடிப் பாசியை மாதம் ஒருமுறை கரடான தும்புத்தடியால் தேய்த்துக் கழுவி, கக்கூசுக்குப் போகும் வழியில் ஒரு லைற்றும் படியருகே பிடித்துக்கொள்ள ஒரு குழாய்த்துண்டும் பூட்டுங்கள். உங்களுக்கு முன் அது அம்மாவுக்கு உதவும்.